அந்த ட்ரேயில் இருந்த அஞ்சு பொருள்: காப்பர் டி-யின் கதை

(ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதப்பட்ட வடிவம்)

இன்னிக்கு எபிசோடு ஒரு ஸ்டீல் ட்ரேயைப் பற்றியது.

போன வருஷம் சென்னையில் ஒரு கிளினிக்குக்கு காப்பர் டி போட்டுக்கப் போயிருந்தேன். எனக்கு 32 வயசு. மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்கா, சிசேரியன்ல பிறந்தவ. இன்னொரு குழந்தை வேணுமா வேண்டாமான்னு நாங்க இன்னும் முடிவு பண்ணலை. முடிவு பண்ற வரைக்கும் தினமும் மாத்திரையை ஞாபகம் வெச்சுக்கற பொறுமை எனக்கு இல்லை. அதனால காப்பர் டி.

முந்தின நாள் ராத்திரி நாமக்கல்லுக்கு ஃபோன் பண்ணி அம்மாகிட்ட சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வேண்டாங் கண்ணு. அது மேல ஏறி நெஞ்சுக்குப் போயிரும். உங்க அம்மாயி பட்டது போதாதா?"ன்னு கேட்டாங்க.

அம்மாயி என்ன பட்டாங்கன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. 32 வருஷமா அந்த வீட்டுப் பேத்தியா இருக்கேன், ஒருத்தரும் சொன்னதில்லை. "அப்புறம் பேசிக்கலாம்"னு அம்மா ஃபோனை வெச்சுட்டாங்க.

மறுநாள் கிளினிக்கில் டாக்டர் முதலில் ஒரு விஷயம் செய்தார். ட்ரே மேல இருந்த பச்சைத் துணியை எடுத்தார். "இதுல அஞ்சு பொருள் இருக்கு. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு சொல்றேன். எந்த இடத்துல போதும்னு தோணுதோ, கையைத் தூக்குங்க. நிறுத்திடறேன்" என்றார்.

எனக்கு ஒரு சிசேரியன் ஆகியிருக்கு, எத்தனையோ ஸ்கேன் எடுத்திருக்கேன். ஒரு டாக்டர் துணியை விலக்கிக் காட்டினது அதுதான் முதல் தடவை. அந்த அஞ்சு பொருளும் எங்கிருந்து வந்ததுன்னு வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். இந்த எபிசோடு அதே வரிசையில் போகும். காப்பர் டி போட்டுக்கலாமான்னு யோசிக்கறவங்களுக்கு என்ன நடக்கும்னு தெரியும். யோசிக்காதவங்களுக்கு, நம்ம அம்மாக்களும் பாட்டிகளும் ஏன் இதுக்கு இவ்வளவு பயப்படறாங்கன்னு புரியும். நான் டாக்டர் இல்லை. உங்க உடம்புக்கு எது சரின்னு உங்க டாக்டர்தான் சொல்லணும்.

ட்ரேக்கு முன்னாடி

முதல்ல பேச்சு. கடைசி பீரியட்ஸ் எப்போ, ரத்தப்போக்கு எப்படி, ஹீமோகுளோபின் எவ்வளவு, வெள்ளைப்படுதலில் வாடை இருக்கா, முன்னாடி ஏதாவது இன்ஃபெக்‌ஷன் வந்திருக்கா என்று கேட்பாங்க. கர்ப்பமா இருந்தாலோ, அந்தச் சமயத்தில் தொற்று இருந்தாலோ, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தாலோ போட மாட்டாங்க. பீரியட்ஸ் நாளில்தான் போடணும்னு கட்டாயம் கிடையாது. கர்ப்பம் இல்லைன்னு உறுதியாத் தெரிஞ்சா எந்த நாளிலும் போடலாம்.

குழந்தை பெறாதவங்க போட்டுக்கக் கூடாதுன்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் அப்படிச் சொல்லலை, அவங்களும் போட்டுக்கலாம். ஆனா "கல்யாணம் ஆயிடுச்சா? வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்ற கேள்வி உங்களுக்கும் வரலாம். இது உங்க உடம்புக்குள்ள வைக்கிற பொருள். கையெழுத்து உங்களுடையது.

ஒண்ணு: ஸ்பெகுலம்

கால்களை மடக்கிப் படுத்ததும் முதலில் வருவது இதுதான். பெண்ணுறுப்பின் வழியை விரித்துப் பிடிக்கும் கருவி. சில்லென்று இருக்கும், ஒரு அழுத்தம் தெரியும். உடம்பை இறுக்காமல் மூச்சை வெளியே விட்டால் கொஞ்சம் சுலபம்.

ஸ்பெகுலம் ரோமாபுரிக் காலத்திலேயே இருந்தது. பாம்பேய் நகர இடிபாடுகளில் கிடைத்திருக்கிறது. ஆனா நம்ம ஊர் கைனிக் ஓ.பி.யில் இன்னிக்கும் "சிம்ஸ்" என்று கேட்டு வாங்குகிற ஸ்பெகுலத்துக்குப் பின்னால் இருப்பவர் ஜே. மாரியன் சிம்ஸ் என்ற அமெரிக்க டாக்டர். 1840களில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி ஊரில் இருந்தவர். பிரசவத்தில் சிறுநீர்ப் பைக்கும் பெண்ணுறுப்புக்கும் நடுவே கிழிந்துபோய், சிறுநீர் எந்நேரமும் கசியும் நிலையில் இருந்த பெண்கள் மேல் அவர் அறுவை சிகிச்சை செய்து பழகினார். அந்தப் பெண்கள் அடிமைகள். மாட்டேன்னு சொல்லும் உரிமையே அவங்களுக்குக் கிடையாது. மூணு பேருடைய பெயர் மட்டும் பதிவில் இருக்கு: அனார்ச்சா, பெட்ஸி, லூசி. அனார்ச்சாவுக்கு மட்டும் சுமார் 30 தடவை அறுவை. மயக்க மருந்து எதுவும் கொடுக்கலை.

அந்தச் சிகிச்சை பின்னால் எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியது, அதுவும் உண்மை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிம்ஸுக்குச் சிலை வைத்திருந்தார்கள். 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். 2021இல் மான்ட்கோமரியிலேயே அந்த மூன்று பெண்களுக்கும் சிலை எழுந்தது.

ரெண்டு: டெனாக்குலம்

நம்ம டாக்டர்கள் சிலர் வல்செல்லம் என்ற வகையைப் பயன்படுத்துவாங்க. நீளமான இடுக்கி, நுனியில் கூரான பற்கள். கருப்பை வாயைப் பிடித்து நேராக இழுத்து வைப்பதுதான் இதன் வேலை. கருப்பை கொஞ்சம் வளைந்து இருப்பதால், இப்படி நேராக்காமல் உள்ளே போனால் சுவரைக் குத்திவிடும் ஆபத்து உண்டு.

இதைப் பிடிக்கும்போது சுருக்கென்று ஒரு கிள்ளு. டாக்டர் "இப்ப இருமுங்க" என்றார். இருமினேன், அதே நொடியில் பிடித்தார். வலித்தது, ஆனா சமாளிக்க முடிந்தது.

இந்த இடுக்கிக்கு ஜெர்மன் மொழியில் ஒரு பெயர் இருக்கு. அதை அப்படியே தமிழாக்கினால் "குண்டு இடுக்கி". உடம்பில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டை எடுக்கும் கருவியின் பெயர் அது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து பெரிதாக மாறாத வடிவம். கருப்பை வாய்க்கு அவ்வளவாக உணர்ச்சி கிடையாது என்று மருத்துவர்கள் பல தலைமுறைகளாக நம்பினார்கள். வலியே இல்லைன்னு நினைச்ச இடத்துக்கு யார் புதுக் கருவி செய்வாங்க? பற்களுக்குப் பதில் மெதுவாக உறிஞ்சிப் பிடிக்கும் கருவியை சுவிட்சர்லாந்தில் சமீபத்தில்தான் உருவாக்கியிருக்கிறார்கள்.

மூணு: சவுண்ட்

ஆடியோவில் வேலை பார்க்கிற எனக்கு இந்தப் பெயர் சிரிப்பா இருந்தது. கடலின் ஆழம் பார்ப்பதற்கும் இங்கிலீஷில் இதே சொல்தான். அளவு குறித்த மெல்லிய கம்பி, கருப்பையின் ஆழத்தை அளக்கப் பயன்படுவது. பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பது சென்டிமீட்டருக்குள் இருக்கும்.

எனக்கு உண்மையிலேயே வலித்தது இங்கேதான். பீரியட்ஸ் வலியை ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்து ஒரே நிமிஷத்தில் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. அடிவயிறு சுண்டி இழுத்து, முதுகு வரைக்கும் போனது. நெற்றியில் வேர்த்துவிட்டது. கையைத் தூக்கினேன். டாக்டர் நிறுத்தினார். சிஸ்டர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம் கழித்து, "போலாமா?" என்று கேட்டார். நான் தலையாட்டின பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார்.

எல்லாருக்கும் இப்படி இருக்காது. பெண்ணுறுப்பு வழியாகக் குழந்தை பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் வலி குறைவு. என்னை மாதிரி சிசேரியன் மட்டும் ஆனவங்களுக்கும், குழந்தை பெறாதவங்களுக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். சிலருக்குத் தலை சுற்றும், நாடித் துடிப்பு இறங்கி மயக்கம் வரும். அது ஆபத்து இல்லை, கொஞ்ச நேரம் படுத்திருந்தால் சரியாகும். ஆனா அப்படி வரலாம்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

2021இல் பிபிசி வானொலியின் தொகுப்பாளர் நாகா முன்செட்டி, தனக்குக் கருத்தடைச் சாதனம் போட்டபோது ரெண்டு தடவை மயங்கி விழுந்ததை நேரலையில் சொன்னார். ஆயிரக்கணக்கான பெண்கள் "எனக்கும் அப்படித்தான்" என்று பேச ஆரம்பித்தார்கள். 2024இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. வலி பற்றியும், அதைக் குறைக்கும் வழிகள் பற்றியும் முன்கூட்டியே பேச வேண்டும், மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் ஊசியோ ஜெல்லோ உதவக்கூடும் என்று எழுதியது. பிளாஸ்டிக் லூப் வந்து 60 வருஷம் கழித்து.

அதனால், நீங்க போகறதுக்கு முன்னாடி கேளுங்க: "வலிக்கு என்ன தருவீங்க?" என்ன மாத்திரை, எப்போ போடணும்னும் கேட்டுக்கோங்க. வெறும் வயிற்றில் போக வேண்டாம். கூட யாராவது வரட்டும். அன்னிக்கு லீவு போடுங்க.

நாலு: அந்த "டி"

பிரித்துக் காட்டினார். தீப்பெட்டியை விடச் சின்னது. வெள்ளை பிளாஸ்டிக்கில் "டி" வடிவம், தண்டில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றி, கைகள் இரண்டிலும் குட்டிச் செம்புக் குழாய்கள், கீழே நூல். இவ்வளவு சின்னப் பொருளுக்கு மூணு கண்டம் சுற்றின கதை இருக்கு.

1920களின் பெர்லின். எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் என்ற யூத மருத்துவர் முதலில் பட்டுப்புழு நரம்பாலும், அப்புறம் வெள்ளிக் கம்பியாலும் மோதிரம் மாதிரி வளையம் செய்து கருப்பைக்குள் வைத்தார். நல்ல பலன் கிடைத்தது. 1930இல் சூரிச் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசினார். அவர் பயன்படுத்திய வெள்ளியில் செம்பும் கலந்திருந்தது என்று பின்னாளில் மருத்துவ வரலாறு எழுதியவர்கள் சொன்னார்கள். செம்புதான் வேலை செய்கிறதென்று அவருக்கே தெரிந்திருக்காது.

நாஜி ஆட்சியில் 1937இல் கைதானார். அமெரிக்காவில் கருத்தடை இயக்கத்தை நடத்திய மார்கரெட் சேங்கர் உள்ளிட்டோரின் முயற்சியால் வெளியே வந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கே தன் வளையத்தைப் பற்றி அவர் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. 1957இல் இறந்தார். ஜி-ஸ்பாட் என்ற சொல் கேட்டிருப்பீங்களே, அந்த "ஜி" இவருடைய பெயரின் முதல் எழுத்து.

அடுத்து பிளாஸ்டிக் காலம். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஜாக் லிப்பஸ் என்ற மருத்துவர், பாம்பு வளைந்து கிடப்பதைப் போன்ற பாலிஎத்திலீன் சாதனத்தை உருவாக்கினார். குழாய்க்குள் இழுத்தால் நேராகிவிடும், உள்ளே தள்ளினால் மறுபடி சுருண்டுகொள்ளும். எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்று பேரியம் கலந்தார். வெளியே எடுக்க வசதியாகக் கீழே நூல் கட்டினார். லிப்பஸ் லூப். நம்ம பாட்டிகள் "லூப்பு" என்று சொல்வது இதைத்தான்.

செம்பு வந்தது சிலி நாட்டிலிருந்து. ஹைமே சிப்பர் என்ற மருத்துவர், முயலின் கருப்பையில் செம்புக் கம்பி வைத்தால் கரு தங்குவதில்லை என்று 1960களின் கடைசியில் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் ஹோவர்ட் டேட்டம், கருப்பையின் உள்வடிவத்துக்குப் பொருந்துகிற "டி"யைச் செய்துகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்ததில் பிறந்தது காப்பர் டி. செம்பு அயனிகள் விந்தணுவை முடக்கிவிடும், அதனால் பெரும்பாலும் கருவே உருவாகாது. இன்னிக்குப் பரவலாகப் போடுவது 380ஏ. அந்த 380, செம்புப் பரப்பின் அளவு, சதுர மில்லிமீட்டரில். 10 வருஷம் வரை வேலை செய்யும். 100 பேர் ஒரு வருஷம் வைத்திருந்தால் ஒருத்தருக்குக்கூடக் கரு தங்காத அளவுக்கு நம்பகமானது.

ஹார்மோன் சுரக்கும் வகை பின்லாந்தில் தபானி லூக்கைனன் குழுவின் வேலை, 1990இல் விற்பனைக்கு வந்தது. அதில் ரத்தப்போக்கு குறையும், காப்பர் டி-யில் கூடும். ரத்தசோகை இருப்பவர்கள் டாக்டரிடம் இந்த வித்தியாசத்தைக் கேட்டே ஆகணும்.

எனக்குப் போட்டது எவ்வளவு நேரம் தெரியுமா? உள்ளே விட்டு, குழாயைப் பின்னுக்கு இழுத்து, கைகள் விரிந்து உட்கார ஒரு நிமிஷம்கூட ஆகலை. இன்னொரு சுண்டு வலி. அவ்வளவுதான்.

அம்மா பயந்த மாதிரி அது நெஞ்சுக்கு ஏறாது. கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. போடும்போது கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போய்விடுவது அபூர்வமாக நடக்கும், ஆயிரம் பேரில் ஒருவர் இருவருக்கு. தானாகக் கீழே இறங்கி வெளியே வந்துவிடுவது சுமார் இருபதில் ஒருவருக்கு நடக்கலாம். "மேல ஏறிடுச்சு" என்ற கதைக்கு விதை அந்தத் துளைத்தலாக இருந்திருக்கலாம். அது ஊர் ஊராகப் பரவியதற்குக் காரணம் அடுத்த பொருளில் இருக்கு.

அஞ்சு: கத்திரிக்கோல்

கடைசி வேலை, நூலை வெட்டுவது. கருப்பை வாய்க்குக் கீழே ரெண்டு மூணு சென்டிமீட்டர் விட்டு வெட்டுவாங்க. வலிக்காது. இந்த நூல்தான் மறுபடி வெளியே எடுக்க வழி. அதனால, அந்த நூல் யார் கையில் இருந்தது என்பதுதான் இதோட அரசியல் வரலாறு.

1964. அமெரிக்கக் குடும்பக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைவராக இருந்த ஆலன் கட்மாக்கர் ஒரு கடிதத்தில் லூப்பின் ரெண்டு நன்மைகளைச் சொன்னார். ஒண்ணு, விலை குறைவு. ரெண்டாவது, ஒரு தடவை உள்ளே போய்விட்டால் அந்தப் பெண்ணால் மனசை மாற்றிக்கொள்ள முடியாது. ஏழை நாடுகளின் மக்கள்தொகையைப் பற்றிய கவலையில் எழுதியது அது.

அடுத்த வருஷம், 1965இல், இந்திய அரசு லூப்பைத் தேசிய அளவில் கொண்டுவந்தது. கான்பூரில் தயாரிப்பு தொடங்கியது. மாநிலங்களுக்கு இலக்கு, ஒவ்வொரு லூப்புக்கும் மத்திய அரசு 11 ரூபாய். முதல் வருஷம் சுமார் 8 லட்சம் பெண்கள். அடுத்த வருஷம் சுமார் 9 லட்சம். அதுக்கடுத்த வருஷமே எண்ணிக்கை மடமடவென்று சரிந்தது.

ஏன் சரிந்தது என்று அம்மாயிகிட்ட கேட்டேன்.

போட்டுக்கிட்டு வந்த வாரமே நாமக்கல்லுக்குப் போனேன். அம்மாயிக்கு 80 தாண்டியாச்சு. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிச்சுக்கிட்டிருந்தாங்க. "அம்மாயி, உங்களுக்கு லூப்பு போட்டாங்களாமே?" அம்மா உள்ளேருந்து எட்டிப் பார்த்துட்டு, திரும்பிப் போயிட்டாங்க.

"ஜீப்புல வந்தாங்க கண்ணு. பள்ளிக்கூடத்துலதான் கேம்ப்பு. எனக்கு அப்ப மூணு புள்ளைங்க. வரிசையில உக்கார வெச்சாங்க. நோவு எப்புடி இருக்கும்னு ஒருத்தரும் சொல்லுல. கையில கொஞ்சம் காசு குடுத்தாங்க. ஜீப்பு போயிருச்சு."

அப்புறம்?

"நாலு மாசம் ரத்தம் நிக்குல. காட்டு வேலைக்குப் போனா கால்ல வழியும். தல சுத்தும். கேம்ப்பு மறுக்கா வருமுன்னு பாத்தேன், வருல. கடைசில மருத்துவச்சிதான் நூலைப் புடிச்சு இழுத்துப் போட்டா. அடுத்த வருசம் உங்கம்மா பொறந்தா."

அந்தக் காலத்தில் கிராமத்துப் பெண்கள் பலருக்கு ஏற்கெனவே ரத்தசோகை. லூப் ரத்தப்போக்கைக் கூட்டக்கூடியது. போடறதுக்குப் பணமும் ஜீப்பும் இருந்தது. போட்ட பிறகு வந்து பார்க்கவோ, கேட்டால் எடுக்கவோ போதுமான டாக்டர்கள் கிடையாது. ஒருத்திக்கு ரத்தம் நிற்கலைன்னா பக்கத்து ஊர் முழுக்கப் பயம். விளக்கம் சொல்ல யாரும் இல்லாத இடத்தில், "நெஞ்சுக்கு ஏறிடும்" என்பது விளக்கமாகிவிட்டது.

நூல் நம்ம ஊரில் மட்டும் அறுந்து போகலை. அமெரிக்காவில் 1971இல் ஏ.எச். ராபின்ஸ் கம்பெனி டால்கன் ஷீல்டு என்ற சாதனத்தை விற்றது. அதன் நூல் ஒற்றை இழையாக இல்லாமல், பல இழைகளை உறைக்குள் அடைத்ததாக இருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி அது கிருமிகளை மேலே இழுத்தது. தொற்று, கருச்சிதைவு, மரணங்கள். 1974இல் விற்பனை நின்றது, வழக்குகளின் பாரத்தில் கம்பெனி 1985இல் திவால் மனு போட்டது. இன்னிக்கு நூல் ஒற்றை இழைதான். சீனாவிலோ, அரசு பல வருஷம் போட்ட ஸ்டீல் வளையத்தில் நூலே கிடையாது. எடுக்கணும்னா மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆகணும்.

கிரீன்லாந்தில் நடந்தது நமக்குத் தெரிய வந்ததே ஒரு பாட்காஸ்ட் மூலம். 1960களின் கடைசியிலும் 70களிலும் டென்மார்க் அரசின் மருத்துவர்கள் அங்கே சுமார் 4,500 இனுயிட் பெண்களுக்குக் கருத்தடைச் சாதனம் போட்டார்கள். பலருக்கு விஷயமே சொல்லப்படவில்லை. பள்ளிக்கூடச் சிறுமிகளும் அதில் இருந்தார்கள். நாயா லூபெர்த் என்ற பெண் தனக்கு நடந்ததை 2017இல் முதலில் வெளியே சொன்னார். 2022இல் டென்மார்க் ஒலிபரப்பு நிறுவனம் பழைய ஆவணங்களைத் தோண்டி பாட்காஸ்ட் வெளியிட்டது. 2025இல் டென்மார்க் பிரதமர் மெத்த ஃபிரெடெரிக்சன் மன்னிப்புக் கேட்டார். அங்கே போடப்பட்டதும் லிப்பஸ் லூப்தான். அம்மாயிக்கும் அந்தச் சிறுமிகளுக்கும் ஒரே சாதனம், கிட்டத்தட்ட ஒரே காலம்.

இன்னிக்கு

லூப் தோற்ற பிறகு இந்தியாவில் ஆபரேஷன் பக்கம் போனார்கள். எமர்ஜென்சியில், 1976-77 என்ற ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன், பெரும்பாலும் ஆண்களுக்கு. அந்தக் கோபத்துக்கு அப்புறம் ஆண்களை விட்டுட்டாங்க, பாரம் பெண்கள் மேல் வந்தது. 1996இல் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்டது. ஆனா பழக்கம் போகலை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். காப்பர் டி போன்றவை 5 சதவீதத்துக்கும் கீழ். எடுக்கக்கூடிய முறை கையில் இருக்கு, எடுக்க முடியாத முறையைத்தான் நாம் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம்.

பிரசவம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி போடும் திட்டமும் அரசு மருத்துவமனைகளில் இருக்கு. நல்ல வசதி, இலவசம். ஆனா கேட்காமலே போட்டுட்டாங்க, பிரசவ வலியில் கையெழுத்து வாங்கிட்டாங்க என்ற புகார்கள் தமிழ்நாட்டிலிருந்தும் செய்திகளில் வந்திருக்கு. கர்ப்பமா இருக்கற தோழி யாராவது இருந்தா, இதைப் பற்றி முன்னாடியே பேசி முடிவெடுத்து, செக்கப் போகும்போதே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்க.

போட்ட பிறகு என்ன ஆகும்? எனக்கு அன்னிக்கு ராத்திரி வரை வலி, ரெண்டு நாள் லேசான கறை. முதல் மூணு நாலு மாசம் பீரியட்ஸ் கூடுதலா இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கிட்டேன். பலருக்கு ஆறு மாசத்துக்குள் சீராகிவிடும். ஒரு மாசம், ஒன்றரை மாசத்தில் ஒரு தடவை காட்டணும். காய்ச்சல், கடும் அடிவயிற்று வலி, வாடையுள்ள வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப் போவது, நூல் தட்டுப்படாமல் போவது, இதில் எது வந்தாலும் உடனே போகணும். பால்வினை நோய்களைக் காப்பர் டி தடுக்காது, அதுக்கு ஆணுறைதான்.

இன்னொண்ணும் உண்டு. பிடிக்கலைன்னா எடுக்கலாம். காரணம் சொல்லணும்னு அவசியம் இல்லை. "ஆறு மாசம் பாருங்க" என்று டாக்டர் ஆலோசனை சொல்லலாம். ஆனா வேண்டாம்னு நீங்க சொன்னா எடுத்துடணும். நூலைப் பிடித்து இழுத்தால் சில நொடிகளில் வந்துவிடும். எடுத்த உடனேயே கரு தங்க வாய்ப்பு திரும்பிவிடும்.

அம்மாயிகிட்ட அந்த ட்ரே கதையைச் சொன்னேன். துணியை விலக்கினது, அஞ்சு பொருளைக் காட்டினது, நான் கையைத் தூக்கினதும் நிறுத்தினது. அவங்க வெற்றிலையை மெல்லறதை நிறுத்திட்டுக் கேட்டாங்க.

"கை தூக்குனா நிறுத்திப் போட்டாங்களா?"

"ஆமா அம்மாயி."

"நெசமாவா?"ன்னு இன்னொரு தடவை கேட்டாங்க. செம்பைப் பற்றியோ வலியைப் பற்றியோ எதுவும் கேட்கலை. அன்னிக்குச் சாயங்காலம் அம்மாகிட்ட, பக்கத்து வீட்டு அக்காகிட்ட, ரெண்டு பேர்கிட்டயும் அதை மட்டும்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க: கை தூக்குனா நிறுத்தறாங்களாமா.

உங்க வீட்டிலும் ஒரு லூப்புக் கதை இருக்கலாம். பாட்டியோ பெரியம்மாவோ இருந்தா கேட்டுப் பாருங்க. அவங்களுக்கு விருப்பம் இருந்தா, பெயர் சொல்லாமல் எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.